சிக்கனம் கோரும் அபேட்சகர்

தேர்தல் காலத்தில் நம் வாசலுக்கு வரும் அபேட்சகர்களுள் பெரும்பாலோர் தாம் செய்யப்போகும் செலவுகளையே அடுக்கிச் சொல்வர். பாலம் கட்டுவோம், கட்டணத்தை நீக்குவோம், உதவித்தொகை அளிப்போம் என்பர். அரிதாக ஒருவர் வந்து, ராஜ்ய சர்க்கார் வரவுக்குள் செலவை அடக்க வேண்டும், வரியையும் கடனையும் பெருக்கலாகாது என்று கூறுகிறார். இப்பேச்சில் கவர்ச்சி குறைவு. ஆயினும் அதை ஆராயாமல் ஒதுக்குவது முறையன்று. ஆராயாமல் ஏற்பதும் முறையன்று.

மும்பையிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வாழும் நமக்கு இதில் அக்கறை இல்லை என எண்ணுதல் தவறு. அங்குள்ள சட்டசபையில் பட்ஜெட் வாசிக்கப்படும் மொழி நம் தாய்மொழியாக இல்லாதிருக்கலாம். ஆனால் நம் குழந்தைகள் பயிலும் பள்ளியும், நோயுற்றால் நாம் செல்லும் ஆஸ்பத்திரியும் அந்த ராஜ்யத்தின் கஜானாவை நம்பியே நடக்கின்றன. கடையில் நாம் வாங்கும் பொருளின் விலையிலும் அதற்குச் சேரும் வரி அடங்கியிருக்கிறது.

நமது அரசியல் சட்டத்தின் 202-ஆவது விதியின்படி, ஒவ்வோர் ஆண்டும் ராஜ்யத்தின் வரவு செலவு மதிப்பீடு சட்டசபையின் முன் வைக்கப்பட வேண்டும். வருவாய்க் கணக்கில் செய்யும் செலவைப் பிற செலவுகளினின்றும் பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. இந்தப் பிரிவினையில்தான் விஷயம் அடங்கியுள்ளது. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் ஆகியவை வருவாய்க் கணக்கில் சேரும். அணை, சாலை, கட்டடம் முதலியவை மூலதனச் செலவாகும். கடன் வாங்கி அணை கட்டினால், கடனை அடைக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு அணை மிஞ்சும். கடன் வாங்கி இம்மாதச் சம்பளத்தைக் கொடுத்தால், அவர்களுக்குக் கடன் மட்டுமே மிஞ்சும். பழைய கடனின் வட்டிக்காகவே புதிய கடன் வாங்கும் நிலை வந்துவிட்டால், மீள்வது எளிதன்று.

ராஜ்ய சர்க்கார் நோட்டு அச்சிட முடியாது. மத்திய சர்க்காருக்குக் கடன் பாக்கி இருந்தால், 293-ஆவது விதியின்படி அதன் சம்மதமின்றிப் புதுக் கடன் எழுப்பவும் இயலாது. அவசரத்துக்கு ரிசர்வ் பாங்கி முன்பணம் தரும். அந்த வரம்பையும் மீறிய ஓவர்டிராப்ட் நிலை, பொதுவாக 14 வேலை நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், ராஜ்யத்தின் பெயரில் பணம் பட்டுவாடா செய்வதை ரிசர்வ் பாங்கி நிறுத்திவிடும். அத்தகைய நெருக்கடியில் காண்டிராக்டரின் பில் தேங்கும். அவரிடம் வேலை செய்யும் கூலியாளின் அடுப்பும் அணையும்.

இந்த வாதத்தை நம் நாட்டில் ஒரு கட்சியின் கொள்கையாகவே நிறுத்தியவர் ராஜாஜி. 1959-இல் அவர் தோற்றுவித்த சுதந்திரா கட்சி, மிகுந்த வரியையும், துண்டு விழும் பட்ஜெட்டையும், தொழில்கள் மீது சர்க்கார் வைத்த பர்மிட், லைசென்ஸ் கட்டுப்பாடுகளையும் எதிர்த்தது. 1962-இல் லோக்சபையில் 18 இடங்களையும், 1967-இல் 44 இடங்களையும் அது பெற்றது. 1967 முதல் 1971 வரை ஒரிஸ்ஸாவில் ஆர். என். சிங் தேவ் தலைமையில் கூட்டணி மந்திரிசபையும் அமைத்தது. 1974-இல் அக்கட்சி பாரதிய லோக தளத்தில் இணைந்து மறைந்தது. அதன் வாதம் மறையவில்லை.

அவ்வாதத்தின் வலிமையும் குறையும் ராஜாஜியின் ஆட்சி அனுபவத்திலேயே விளங்குகின்றன. 1937-இல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாகிய அவர், சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். சாராய வருமானம் போயிற்று. அந்தப் பள்ளத்தைக் கடனால் மூடாமல், 1939-இல் நாட்டிலேயே முதன்முறையாகப் பொது விற்பனை வரியை விதித்தார். வியாபாரிகளின் எதிர்ப்பு கிளம்பிற்று. எனினும், ஒரு வருமானத்தை விட்டால் மற்றொன்றைத் தேட வேண்டும் என்று மக்களிடம் ஒளிக்காமல் சொன்ன நேர்மை அதில் இருந்தது.

1953-இலோ கதை வேறு. கையிலிருந்த பணத்தைக் கொண்டே மேலும் பல குழந்தைகளுக்குக் கல்வி அளிக்க எண்ணி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்தார். மீதி நேரத்தில் குழந்தைகள் தொழில் பழகலாம் என்றார். தகப்பன் தொழிலுக்கே மகனைத் தள்ளும் குலக்கல்வி இது என்று பெருங்கண்டனம் எழுந்தது. 1954-இல் அவர் பதவி விலகினார்; அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும் கணக்குப் புத்தகத்தில் வருவாய்ச் செலவே. ஆனால் அது பள்ளிக்குக் கொணர்ந்த குழந்தைகளை எந்த மூலதனக் கணக்கில் எழுதுவது? ஆசிரியர் சம்பளத்தையும் வீண் செலவையும் ஒரே தராசில் நிறுத்தும் சிக்கனம், ஏழையின் பங்கையே முதலில் குறைத்துவிடும்.

பின்னர் இக்கட்டுப்பாடு கட்சிகளைக் கடந்து சட்டமாயிற்று. 2002-இல் கர்நாடகம் முதன்முதலாக நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றியது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான 12-ஆவது நிதிக் கமிஷன், 2004-இல் அளித்த அறிக்கையில், கடன் சலுகை பெற விரும்பும் ராஜ்யங்கள் இத்தகைய சட்டம் செய்ய வேண்டும் என்றது. மொத்தப் பற்றாக்குறை ராஜ்ய உற்பத்தியில் நூற்றுக்கு மூன்றுக்குள் நிற்க வேண்டும், வருவாய்ப் பற்றாக்குறை அறவே நீங்க வேண்டும் என்பன அது வகுத்த இலக்குகள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் பழைய விற்பனை வரியின் பெரும்பகுதி அதில் கலந்தது. பெட்ரோல், மது, பத்திரப் பதிவு, வாகனம் போன்ற சிலவற்றிலேயே ராஜ்யம் தன் விருப்பப்படி வரி விதிக்கலாம். ஆகவே வரியையும் குறைப்பேன், கடனையும் குறைப்பேன் என்பவருக்குச் செலவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி அதிகமில்லை.

எனவே, சிக்கனம் கோரி வரும் அபேட்சகரை நாம் மரியாதையுடன் வரவேற்போம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் எந்தச் செலவைக் குறைப்பீர், அதனால் யாருக்கு இழப்பு நேரும் என்று அவரை வெளிப்படையாகக் கேட்போம். செலவை அள்ளி வழங்க வருபவரிடம், பணம் எங்கிருந்து வரும் என்று கேட்போம். இரு கேள்விகளுக்கும் விடை பெற்ற பின் நம் வாக்கை அளிப்போம்.