இரத்தம் கூறும் முன்னறிவிப்பு

பீங்கான் கோப்பையை விரலால் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். இது விருத்தாசலத்தில் வளரும் நமக்குத் தெரிந்ததே. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயிலும் வெளித்தோற்றத்தை நம்ப முடியாது.

நம் உடல் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன என்று படித்திருக்கிறோம் அல்லவா? 1960இல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் வெள்ளணுக்களில் ஒரு குரோமோசோம் மிகச் சிறுத்திருப்பதைக் கண்டனர். காரணத்தை 1973இல் கண்டறிந்தவர் ஜேனட் ரௌலி அம்மையார். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்து அடுக்குவாராம். காகிதப் பொம்மை விளையாட்டு என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்! 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. ஒட்டிய இடத்தில் பிறந்த 'பிசிஆர்-ஏபிஎல்' என்னும் ஜீனே வெள்ளணுக்களை அளவின்றிப் பெருக்குகிறது.

நோயின் போக்கை முன்கூட்டி அறிய, தொடக்கத்தில் வயது, மண்ணீரலின் அளவு, தட்டணுக்கள், முதிராத வெள்ளணுக்கள் ஆகியவற்றைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் சிகிச்சைக்குப் பின் அந்த ஜீனின் அளவே சிறந்த சாட்சி. இமாட்டினிப் மாத்திரை தொடங்கிய மூன்று மாதத்தில் அது 10 விழுக்காட்டுக்குள்ளும், ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்குள்ளும் இறங்கினால் நல்ல அறிகுறி. 2013இல் நமது உச்ச நீதிமன்றம் இம்மருந்துக்குக் காப்புரிமை மறுத்ததால், மலிவான இந்திய மாத்திரைகளுக்குத் தடை வரவில்லை. ஏழைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. அவர்களுக்குக் களைப்போ காய்ச்சலோ தோன்றும் முன்பே அந்த அளவு இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும்.