இருக்கிறாரா, இல்லையா?

கடிதம் எழுதுகிறவருக்கு, அதைப் பெறுகிறவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாரா என்ற கவலை கிடையாது. உடனடிச் செய்தியோ அப்படிப்பட்டதன்று; எதிரே ஆள் உண்டென்று அறிந்த பிறகே நாம் பேசத் தொடங்குகிறோம். அதைத் தெரிவிப்பதுதான் 'இருப்பு நிலை'. ஆயினும், ஒருவர் கணினியின் முன் எப்பொழுது அமர்கிறார், எப்பொழுது எழுந்து போகிறார் என்று நாள்தோறும் அறிந்து வருவது அவர் வீட்டு வாசலில் காவல் நிற்பதற்கு ஒப்பாகும் அல்லவா? ஆகவே, அறியும் உரிமை யாருக்கு என்ற கேள்வி முதலிலேயே எழுகிறது.

அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் 1997-ல் தொடங்கி 2017-ல் நிறுத்திய செய்திச் சேவையில், ஒருவரைக் கேளாமலே அவர் பெயரை நம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. விரும்பாதவர் தாமே முயன்று தடுத்துக்கொள்ள வேண்டும். ஜெரெமி மில்லர் 1999-ல் அறிவித்த ஜாபர் முறை வேறு வழியில் சென்றது. எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் 2004-ல் இணையத் தரமாக வெளியிடப்பெற்று, 2011-ல் திருத்தப்பெற்ற அம்முறையில் சம்மதமே அடிப்படை.

மாலதியின் இருப்பைக் கண்ணன் அறிய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு சந்தா வேண்டுகோள் அனுப்புகிறார். மாலதி அப்பொழுது இணைப்பில் இல்லையென்றால், அவருடைய சர்வர் அதைக் காத்து வைத்திருந்து, அவர் வந்ததும் கொடுக்கிறது. மாலதி இசைந்தால் கண்ணன் அவரைக் காணலாம்; ஆனால் மாலதி கண்ணனைக் காண இயலாது! அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு வேண்டுகோளும் இன்னொரு சம்மதமும் வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் இவ்விரண்டையும் சேர்த்தே நடத்திவிடுவதால், சந்தா ஒருவழிப் பாதை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பட்டியல் சர்வரிலேயே இருக்கிறது. எந்தக் கணினியில் நுழைந்தாலும் அதே பட்டியல் கிடைக்கும். நுழைந்தவுடன் கண்ணனின் மென்பொருள் அதைக் கேட்டுப் பெற்று, "வந்துவிட்டேன்" என்று ஒரே ஒரு முறை அறிவிக்கிறது. அதைப் படியெடுத்து, உரிமை பெற்றவர்க்கெல்லாம் அனுப்புவதும், அவர் காண உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிப்பதும் சர்வரின் வேலை. இருநூறு நண்பர்கள் இருந்தால் இருநூறு அறிவிப்புகள். தேநீர் அருந்தச் சற்று எழுந்து, "வெளியே" என்று நிலையை மாற்றினால் மறுபடியும் இருநூறு! ஒரு சொல்லும் பேசாமலே இவ்வளவு போக்குவரத்து.

கொடுத்த சம்மதத்தை எப்பொழுதும் மீட்கலாம். மாலதி அவ்வாறு செய்தால், கண்ணனின் திரையில் அவர் இல்லாதவராகிவிடுவார். பட்டியலிலிருந்து பெயரையே நீக்கிவிட்டால் இருவழிச் சந்தாக்களும் ஒருங்கே அறுந்துபோகும்.

எனினும், இந்த ஏற்பாடு நண்பரிடமிருந்து நம்மைக் காக்குமேயன்றி, சர்வரை நடத்துபவரிடமிருந்து காக்காது. செய்தியின் வாசகத்தைப் பூட்டி அனுப்பினாலும், நம் நண்பர்கள் யார், நாம் எப்பொழுது விழித்திருக்கிறோம் என்பவை அவர் கண்ணில் படும். சர்வரைத் தாமே அமைத்துக்கொள்ள எக்ஸ்.எம்.பி.பி. இடந்தருகிறது, அவ்வாறு செய்ய முனைவோர் சிலரே.