புது ரேம் போட்டதும் திரை வரவில்லையா? சோதனையும் பில்லும்தான் உங்கள் சாட்சி

சுந்தரபாண்டியத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் நடத்தும் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். கல்லூரி அட்மிஷன் நேரத்தில் அவருடைய பழைய டெஸ்க்டாப் 4 ஜி.பி. ரேமோடு திணறியது. வெளியூர்க் கடை ஒன்றில் 8 ஜி.பி. ரேம் வாங்கிவந்து அவரே மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் வரவில்லை. கேபினெட்டுக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்று விடாமல் சத்தம்.

கடைக்குப் போன் செய்தார். "நாங்க கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க மாட்டத் தெரியாம மாட்டியிருப்பீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பில் இருக்கிறதா என்று நான் கேட்டேன். "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும்னாங்க, வேண்டாம்னுட்டேன்ணே" என்றார்.

ரேம் மாற்றிய பிறகு இப்படி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். குறை எங்கே என்று தெரியாமல் கடையோடு சண்டை போடுவதும் வீண், "நம்ம நேரம்" என்று பணத்தை விட்டுவிடுவதும் தவறு. முறையாகச் சோதித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தீராத மீதிக்கு அந்தச் சோதனையே ஆதாரமாக நிற்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமின் சிப்பைக் கெடுக்கக்கூடியது. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அன்று மாலை தம்பியின் கம்ப்யூட்டரை இப்படித் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்லாட்டின் ஒரு பக்கக் கொக்கி மூடாமல் நூலளவு விலகி நின்றது. ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு முனையையும் சமமாக அழுத்தினோம். 'டக்' என்று கொக்கிகள் தாமாகவே மூடின. திரை வந்துவிட்டது.

உங்களுக்கு வராவிட்டால், பழைய ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் புது ரேமை மட்டும் அதே ஸ்லாட்டில் போடுங்கள். பிறகு அடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் புது ரேம் ஓடவில்லை என்றால் ரேமின் மேல் சந்தேகம். எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் ஓடவில்லை என்றால் மதர்போர்டின் மேல் சந்தேகம். ரேம் மாட்டும்போது கை பட்டு கிராபிக்ஸ் கார்டோ மானிட்டர் கேபிளோ தளர்ந்திருக்கலாம், அதையும் அழுத்திவிடுங்கள். அடுத்து, போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். டி.டி.ஆர்.5 ரேம் போட்டவர்கள் அவசரப்பட வேண்டாம். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் ஆகும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும்.

ஜாதகப் பொருத்தம் போல

ரேமுக்கும் போர்டுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.3 ரேமுக்கு 240 பின்கள், 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4 ரேமுக்கு 288 பின்கள், 1.2 வோல்ட். டி.டி.ஆர்.5-க்கும் 288 பின்கள்தான், ஆனால் 1.1 வோல்ட், நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. உட்காராததை அழுத்தி உட்காரவைக்கப் போய் ஸ்லாட்டை உடைத்தவர்கள் உண்டு. சர்வரில் இருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' ரேம் விலை குறைவாகக் கிடைக்கும். வீட்டு டெஸ்க்டாப்பில் அது ஓடாது.

ரேம் நன்றாக இருந்தும் முழு அளவு காட்டாமல் போவதும் உண்டு. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் எத்தனை போட்டாலும் பயன்படாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் கொஞ்சம் ரேமைத் திரைக்கென்று எடுத்துக்கொள்ளும். இவை இரண்டும் கடைக்காரர் குற்றம் ஆகா.

ஓடுகிறது, ஆனால் சரியில்லை

தம்பியின் கதை திரை வந்ததோடு முடியவில்லை. அன்று இரவே நீலத்திரை காட்டி நின்றது, தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுநாள் புது ரேமை மட்டும் போட்டு, ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓட்டினோம். பிழை இருப்பதாகக் காட்டியது. பழைய ரேமை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டு ஓட்டினால் பிழையே இல்லை. இரண்டு முடிவையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். இன்னும் கறாராகப் பார்க்க விரும்புபவர்கள் 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓட்டலாம்.

கெட்டுப்போன ரேமோடு "ஓடுதுல்ல, இருக்கட்டும்" என்று காலம் தள்ளாதீர்கள். கோப்புகளைக் காப்பி எடுக்கும்போது சத்தமில்லாமல் எழுத்தையும் எண்ணையும் அது மாற்றிவிடக்கூடும். கணக்கு, கல்யாண ஆல்பம், மாணவர்களின் சான்றிதழ் எல்லாம் அந்த ஹார்டு டிஸ்கில்தானே இருக்கின்றன? சோதிக்கும் முன்பே முக்கியமானவற்றை வேறு இடத்தில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தருவது

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர உங்களுக்கு உரிமை உண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. சர்வீஸ்காரர் கவனக்குறைவால் போர்டு கெட்டால் அது சேவைக் குறைபாடு. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி.

"நான் கடை நடத்துறேன், நான் எப்படி நுகர்வோர்?" என்று தம்பி கேட்டார். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் எந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர், டைப்ரைட்டர் போன்ற பொருளைத் தானே பயன்படுத்த வாங்கினால் அவரும் நுகர்வோரே. பெரிய அளவில் வணிகத்துக்கு வாங்கியது என்பதால் அந்த வழக்கில் நிறுவனம் தோற்றது. ஆனால் அங்கே வகுத்த விளக்கம் ஒற்றை ஆளாக டைப்பிங் சென்டர் நடத்துபவருக்குக் கவசமாக இருக்கிறது.

எங்கே, எப்படிப் புகார் செய்வது?

முதலில் கடைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பதிவுதான். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. சுந்தரபாண்டியத்துக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கம்தான். ரேமைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை.

கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். குறை இருக்கிறதா என்று தெரிய ஆய்வு தேவைப்பட்டால், ஆணையம் பொருளுக்கு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆகவே ரேமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், ரேமைத் தூக்கியும் போடாதீர்கள்.

வாங்கும்போதே செய்யுங்கள்

2025 கடைசியில் ஏ.ஐ. தரவு மையங்களின் தேவையால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'குரூசியல்' பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தது. விலை ஏறும் காலத்தில் பழையதைப் புதிதாக விற்கும் கையும், சர்வீசுக்கு வந்த நல்ல ரேமைக் கழற்றும் கையும் துணிச்சல் பெறும். அதனால் பில்லில் ரேமின் வகை, அளவு, வரிசை எண், உத்தரவாதக் காலம் நான்கும் எழுதி வாங்குங்கள். ஆன்லைன் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சர்வீசுக்குக் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் ரேமின் வரிசை எண்ணைப் படம் எடுத்து, கடைக்காரரின் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

தம்பியிடம் பில் இல்லை. ஆனால் ஜிபே பண்ணிய பதிவு, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், சோதனை முடிவின் இரண்டு படங்கள் ஆகிய மூன்றும் செல்போனில் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய்க் காட்டி, 1915 பற்றியும் சொன்னார். கடைக்காரர் வேறு ரேம் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை ஜி.எஸ்.டி.யோடு பில் கேட்டு வாங்கினார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் ஜெராக்ஸ் எடுத்தது அந்தப் பில்லைத்தான். வெயில் பட்டால் எழுத்து மங்கிப்போகும் தாள் அது.