சார்டெக்ஸ் அரிசி: இயந்திரம் பார்ப்பதும் பார்க்காததும்

நம் அஸ்தினாபுரம் கடைகளுக்கு வரும் அரிசி மூட்டைகளில் 'சார்டெக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதை வணிகப் பெருமக்கள் அறிவீர்கள். அது அரிசி ரகமல்ல. 1947-இல் லண்டனில் தொடங்கிய, நிறம் பிரிக்கும் இயந்திர நிறுவனத்தின் பெயர்.

சரிவில் வழுக்கி விழும் அரிசியை விளக்கொளியில் கேமராக்கள் படமெடுக்கின்றன. கறுப்பு, பழுப்பு மணி தென்பட்டால் கண்ணிமைக்கும் முன் காற்றைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளிவிடுகிறது.

ஆனால் அது பார்ப்பது நிறத்தை. அரிசி நிறத்திலேயே உள்ள கல் தப்பலாம். அதற்குக் கல் நீக்கும் இயந்திரம் தனி. ஈரப்பதமும், மணிக்குள் இருக்கும் வண்டு முட்டையும் அதற்குத் தெரியாது. ஈர மூட்டை கிடங்கில் கெட்டால் நட்டம் நமக்கே. வாடிக்கையாளர் நம்பிக்கையும் போகும். அச்சை நம்பிக் கூடுதல் விலை கொடுக்குமுன், குத்தூசி போட்டு மாதிரி எடுத்துப் பாருங்கள்.