கைக்குழந்தையுடன் விமானப் பயணம்: எதை எந்தப் பையில் வைப்பது?

கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் கட்டுநாயக்கவுக்கு இரவு முழுக்க ஓட்டம், அதன்பிறகுதான் விமானம். முதற்பயணத்தில் மகளின் மாற்றுடுப்பு முழுவதையும் பெரிய பெட்டியில் அடுக்கிவிட்டேன். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை மூட்டை சுமந்த எங்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித்தான் பழக்கம். ஆனால் விமானநிலையத்தில் ஒப்படைத்த பெட்டி, போய் இறங்கும்வரை கைக்கு வராது. மகள் நடுவானில் வாந்தி எடுத்தாள். லண்டனில் அவளை முதன்முதலாகத் தூக்கக் காத்திருந்த தகப்பனிடம் அந்த உடுப்போடுதான் கொடுத்தேன்.

ஆகவே குழந்தைக்கென்று தனியாக ஒரு கைப்பை. இரண்டு சோடி உடுப்பு, பம்பர்ஸ், மருந்து, பால்மா. உங்களுக்கும் ஒரு சட்டை. மிளகாய்த்தூள் பெட்டியிலேயே போகட்டும், அதை நடுவானில் யாரும் கேட்கப்போவதில்லை. கைப்பையில் வைக்கும் திரவப் போத்தல் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படக்கூடாது என்றாலும், பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கு விலக்கு உண்டு. சோதனையின்போது நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது காற்றழுத்தம் மாறிக் காது அடைக்கும். குழந்தை வீரிட்டு அழும். பால் குடித்து விழுங்கும்போது அடைப்பு விடும். எனவே இறங்கும் நேரத்திலும் ஒருமுறை கரைப்பதற்குப் பால்மாவை மிச்சம் வையுங்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மடியில்தான் இருக்கும். ஆனாலும் கடவுச்சீட்டு தனியாக வேண்டும். வவுனியா பிராந்திய அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.