வீடியோவிலிருந்து போட்டோ எடுப்பது எப்படி?

குழுக் கூட்டம், பயிற்சி, கண்காட்சி எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துடறோம். ஆனால் அறிக்கையில் ஒட்டவோ, ஊறுகாய் பாக்கெட் லேபிளில் போடவோ ஒரு படம் கேட்டால், "அன்னைக்கு போட்டோ எடுக்கலையே" என்று கையைப் பிசைகிறோம். கவலை வேண்டாம். வீடியோ என்பதே வேகமாக ஓடும் போட்டோக்கள்தான். பெரும்பாலும் ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் ஓடும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை:

1. கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் வீடியோவைத் திறக்கவும். இது இலவச மென்பொருள்.

2. வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தவும்.

3. ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டத் தட்ட ஒவ்வொரு படமாக நகரும். கண் மூடாமல், கை ஆடாமல் தெளிவாக உள்ள படத்தில் நில்லுங்கள்.

4. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே 'எஸ்' தட்டவும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் படம் பிக்சர்ஸ் ஃபோல்டரில் சேரும்.

ஃபுல் எச்.டி. வீடியோவில் எடுத்த படம் சுமார் 6 அங்குல அகலம் வரை நன்றாக அச்சாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ மங்கிவிடும். போனிலிருந்து கேபிள் போட்டு அசல் வீடியோவையே ஏற்றுங்கள்.

ஒன்றை மறக்காதீங்க. கடன் பாக்கி பற்றிப் பேசும்போது ஒரு அக்கா கண் கலங்கியிருப்பார். வீடியோவில் அது நொடியில் கடந்துவிடும், போட்டோவில் நின்றுவிடும். அதனால் படத்தில் உள்ளவரிடம் காட்டி, "போடலாமா?" என்று கேட்போம். வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்.