சுழலி எஞ்சினில் தண்ணீர் ஏன் குறைகிறது?

மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்பார்கள். றேடியேற்றரில் தண்ணீர் குறைந்திருக்கும். ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் புறப்படுவார்கள். மறுநாளும் அவ்வாறே. இப்படி வாரக்கணக்கில் நடந்தபின், ஒருநாள் நடுவழியில் வண்டி நின்றுவிடும். “நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது!” என்று அப்பொழுது வியப்பார்கள். உண்மையில் அது நேற்றுவரை நன்றாக ஓடவில்லை. நாள்தோறும் ஒரு செம்பு தண்ணீர் கேட்டுத் தன் நோயைத் தெரிவித்துக்கொண்டே ஓடியது.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், பெற்றோலைப் போலச் செலவாகும் பொருளன்று. அது மூடிய ஒரு சுற்றுக்குள் ஓடுவது. பம்பி அதைத் தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள அறைகளில் அது சூட்டை வாங்கிக்கொள்கிறது. றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் அச்சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே தண்ணீர் அடிக்கடி குறையுமானால், அது வெளியேறுவதற்கு எங்கோ ஒரு வழி இருக்கிறது. அவ்வழியைக் கண்டுபிடிப்பதே திருத்தம். ஊற்றி நிரப்புவது திருத்தமன்று.

எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவான இவ்வுண்மை, சுழலி எஞ்சினுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். மட்டக்களப்புத் தெருக்களில் இத்தகைய வண்டியைக் காண்பது அரிதே. ஆயினும் அதன் நோயை அறிந்தவர் சாதாரண எஞ்சினின் நோயை எளிதில் அறிவர் என்பதால், அதனையே இன்று எடுத்துக்கொள்வோம்.

சுழலி எஞ்சினை வகுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பெலிக்ஸ் வாங்கல். என்.எஸ்.யூ. நிறுவனத்தில் 1957ஆம் ஆண்டு அது முதன்முதலாக ஓடிக் காட்டியது. பின்னர் யப்பானின் மஸ்டா நிறுவனம் அதனைத் தன் தனிச்சிறப்பாக்கிக்கொண்டது. 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட், 1978இல் ஆர்.எக்ஸ்.7, 2003இல் ஆர்.எக்ஸ்.8 என்ற வண்டிகள் வெளிவந்தன. ஆர்.எக்ஸ்.8 இன் உற்பத்தி 2012இல் நின்றது. 2023இல் மின்வண்டியொன்றின் மின்கலத்துக்கு மின்னூட்டும் சிறு எஞ்சினாகச் சுழலி மறுபடியும் தலைகாட்டிற்று.

சாதாரண எஞ்சினில் பிஸ்ரன்கள் மேலும் கீழுமாக ஓடும். சுழலி எஞ்சினிலோ பிஸ்ரன் இல்லை. இடையில் சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறையொன்றினுள், விளிம்பு வளைந்த முக்கோணச் சுழலியொன்று சுற்றி வருகிறது. காற்றும் பெற்றோலும் அறையின் ஒரு பக்கத்தில் நுழையும். எதிர்ப்பக்கத்தில் தீப்பற்றி எரியும். எரிதல் எப்பொழுதும் அந்த ஒரே பக்கத்தில்தான். எனவே அறையின் ஒருபுறம் ஓயாது சூடேறுகிறது. மறுபுறம் புதுக் காற்றினால் ஒப்பளவிற் குளிர்ந்தே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைத் தணித்துவைப்பது தண்ணீர் ஒன்றே.

இவ்வெஞ்சினின் உடலமைப்பை விளங்கிக்கொள்ள, நம் வீடுகளிலுள்ள அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பக்கக் கம்பிகளால் இறுக்குகிறோம் அல்லவா? அவ்வாறே இங்கும் பகுதிகள் அடுக்கப்பட்டு நீண்ட போல்ற்றுகளால் இறுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான மஸ்டா எஞ்சின்களில் சுழலி ஓடும் அறை அலுமினியத்தால் ஆனது; அதன் இருமருங்கும் உள்ள பக்கத் தட்டுகள் வார்ப்பிரும்பால் ஆனவை. தண்ணீர் இவ்வடுக்குகளை ஊடறுத்து ஓடுகிறது. தட்டுக்குத் தட்டு உள்ள பொருத்தில், தண்ணீரையும் தீயையும் பிரித்து வைப்பவை மெல்லிய இறப்பர் வளையங்களே.

ஒரே அளவு சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். தண்ணீர் குறைந்து எஞ்சின் அளவு மீறிச் சூடேறினால், அலுமினியப் பகுதி விரிந்து நெளியும். இறப்பர் வளையம் நசுங்கிக் கருகும். அதன்பின் எரிவாயு தண்ணீருக்குள்ளும், தண்ணீர் எரியும் அறைக்குள்ளும் புகும். சிறு கசிவு சூட்டைத் தர, அந்தச் சூடு பெருங்கசிவைத் தருகிறது. ஆதலால் இந்த எஞ்சினில் தண்ணீர்க் குறைவை நாளைக்குப் பார்ப்போம் என்று விடலாகாது.

இனி, நோயறியும் முறையைப் பார்ப்போம். முதல் விதி, சூடான எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறக்கலாகாது என்பது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடியின் கீழ், அதே தண்ணீர் ஏறக்குறைய 119 பாகை வரை கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, தண்ணீர் கொதித்துச் சீறி எழும். முகமும் கையும் வெந்தவர் பலர். எஞ்சின் முற்றாக ஆறியபின், விடியற்காலையில் பார்ப்பதே பாதுகாப்பானது.

இரண்டாவது, அளந்து பார்த்தல். மேலதிகத் தண்ணீர் தங்கும் போத்தலில் ஒரு கோடு இட்டு, ஆறிய நிலையில் நாள்தோறும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் விரிந்த தண்ணீர் இப்போத்தலுக்குச் செல்வதும், ஆறியதும் றேடியேற்றருக்கு மீள்வதும் இயல்பு. போத்தல் நிறைந்திருக்க றேடியேற்றர் குறைந்திருந்தால், முதலில் மூடியையே ஐயுறவேண்டும். அதன் இறப்பர் தேய்ந்தாலும், உள்ளே இருக்கும் சிறு வால்வு பழுதானாலும் தண்ணீர் திரும்பி வராது. மூடியை மாற்றுவது மிகக் குறைந்த செலவு. அதிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

மூன்றாவது, வெளிக்கசிவைத் தேடுதல். இறப்பர்க் குழாய்கள், அவற்றை இறுக்கும் வளையங்கள், றேடியேற்றரின் பொருத்துகள், தண்ணீர்ப் பம்பியின் அடியிலுள்ள சிறு துவாரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஈரம் உலர்ந்து போனாலும், வெண்மையாகவோ துருநிறமாகவோ கறை நிற்கும். கண்ணுக்குப் புலப்படாவிட்டால், கராஜ்களில் உள்ள கைப்பம்பி அழுத்தமானியை மூடியின் இடத்தில் பூட்டி, மூடி தாங்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடவேண்டும். முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே ஈரம் தென்பட்டால் இடம் அகப்பட்டுவிட்டது. முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரமில்லையென்றால், கசிவு பெரும்பாலும் உள்ளே.

உட்கசிவுக்குச் சில தெளிவான அடையாளங்கள் உள்ளன. இரவு நின்ற வண்டி காலையில் தயங்கி, நடுங்கிக் கிளம்பும். புகைக்குழாயிலிருந்து அடர்ந்த வெண்புகை வரும். அதில் குளிர்த்திரவத்தின் இனிய மணம் கலந்திருக்கும். இந்த எஞ்சின் தன் உராய்வுக்காகச் சிறிது எண்ணெயை எரிப்பது இயல்பு. அதனால் வரும் இலேசான நீலப் புகையை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. எஞ்சின் ஆறியிருக்கையில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வந்து நின்றுவிட்டால், அவை சிக்கியிருந்த காற்று. ஓயாமல் குமிழி வந்தால் அது எரிவாயுவாதல் கூடும். அதனை உறுதிசெய்ய, றேடியேற்றரின் வாயிலிருந்து வரும் காற்றை நீலநிறச் சோதனைத் திரவமொன்றினூடாகச் செலுத்துவார்கள். எரிவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

பிஸ்ரன் எஞ்சினில் இத்தகைய நோய்க்குத் தலைப்பகுதியைக் கழற்றித் தகட்டை மாற்றினால் போதுமென்ற நிலை பலவேளைகளில் உண்டு. சுழலி எஞ்சினுக்குத் தனித் தலைப்பகுதி கிடையாது. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, அடுக்கு முழுவதையும் பிரித்து, தட்டுகள் நெளிந்துள்ளனவா என்று நேர்விளிம்பு வைத்து அளந்து, எல்லா வளையங்களையும் புதிதாக இடவேண்டும். கசிவை அடைக்கவென்று விற்கப்படும் தூளையும் பசையையும் நம்பி இதனைத் தள்ளிப்போட்டால், அவை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழ்வோர் இன்னுமொன்றையும் கருதவேண்டும். அது எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது. வாவி கடலோடு கலப்பதால் அதன் நீர் உவர்நீர். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை மணற்பரப்பில், மழை தந்த நன்னீர் நிலத்தடி உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கோடையில் அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்க்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை புகுந்தபோது கரையோரக் கிணறுகள் உப்பேறிய துயரத்தையும் நாம் மறக்கவில்லை.

குடிக்கத் தகுந்த கிணற்று நீரெல்லாம் எஞ்சினுக்குத் தகுந்ததாகிவிடாது. உப்பு நீரில் அலுமினியமும் இரும்பும் ஒன்றாக நனைந்தால், அங்கே சிறியதொரு மின்கலமே உருவாகிறது, அலுமினியம் அரிபடுகிறது. இறப்பர் வளையம் அமரும் விளிம்பு அரிந்துபோனால் புதிய வளையமும் பயன்படாது. மேலும், தண்ணீர் ஆவியாக வெளியேறுகையில் உப்பு பின்தங்குகிறது. நாள்தோறும் அரை லீற்றர் ஆவியாகிப்போக, அவ்வளவையே கிணற்றிலிருந்து ஊற்றினால், 30 நாளில் 15 லீற்றர் நீரின் உப்பு எஞ்சினுக்குள் சேரும். மொத்தமே 8 லீற்றர் கொள்ளும் வண்டியில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகையால் காய்ச்சி வடித்த நீரையும், துரு தடுக்கும் குளிர்த்திரவத்தையும் தயாரிப்பாளர் கூறும் அளவிற் கலந்து ஊற்றுவதே முறை. இடையில் வேறு வழியின்றிக் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், வீடு திரும்பியதும் முழுவதையும் வடித்துக் கழுவி நிரப்பவேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரை ஊற்றுவதும் கூடாது. சூடான உலோகம் திடீரென்று குளிர்ந்தால் வெடிக்கும்.

திருத்தம் முடிந்து தண்ணீர் நிரப்புகையில் வண்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும்வரை பொறுத்திருங்கள். காற்று தங்கிய இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடம் சிறிது நேரத்திலேயே காய்ந்து கெடும். முதற் சில நாட்களுக்குப் போத்தலின் கோட்டையும் வெப்பமானியின் முள்ளையும் விடாது பார்த்து வாருங்கள்.

செங்கலடியிலிருந்து மகாஓயா வழியாகப் பதுளைக்கு மலையேறும் பாதையில் பலவீனமான எஞ்சின் எதுவும் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது. படுவான்கரையின் வயல்வெளிகளுக்கு நடுவே வண்டி நின்றாலோ, உதவி வர நேரமாகும். குடும்பத்தாரையோ நோயாளரையோ ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் நிற்பதன் இழப்பு, எஞ்சினின் விலையோடு முடிவதன்று. புறப்படுவதற்கு முதல்நாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, போத்தலின் கோட்டை ஒருமுறை பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால், செம்பை எடுப்பதற்குமுன் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று தேடத் தொடங்குங்கள்.